கடைசி வீட்டுக்கு ஒரு கோணித் தூளி

எங்கள் வளவில் எட்டு வீடுகள். நாலுக்கு நாலு எதிரெதிராக, எல்லாமே ஓலை வேய்ந்தவை. நடுவில் இரண்டு கட்டில் போடுகிற அகலத்தில் ஒரு வாசல். தெருவுக்குப் போக ஒரே வழிதான். அந்த வழியை ஒட்டி ஒரு பனியன் கம்பெனியின் ஷெட் இருந்தது. ஷெட்டுக்குள் இடம் போதாத நாட்களில், துணி வெட்டி மிஞ்சிய வேஸ்ட் மூட்டைகளை வழியிலேயே அடுக்கிவிடுவார்கள். நாங்கள் ஒருக்களித்து நடந்து போவோம். அது எங்களுக்குப் பழக்கமாகியிருந்தது.

வழிக்கு நேர் எதிர்க்கோடியில், கடைசி வீட்டில் அக்கா இருந்தார். என் நண்பனின் உடன்பிறந்தவர். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போயிருந்தன. பாயில் உட்கார்ந்தபடி, கம்பெனியிலிருந்து வருகிற பனியன்களில் தையலோரத்து நூலைக் கத்தரியால் வெட்டுவார். பிசிறு வெட்டுவது என்று அதற்குப் பெயர். தாய் தகப்பன் இல்லை. என் நண்பன் நிட்டிங் மிஷினில் வேலை செய்தான். இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கிற நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் அக்கா தனியாகத்தான் இருப்பார். பேச்சு மட்டும் வளவு முழுவதற்கும் கேட்கும்.

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஒரு கம்பெனியில் கடிதம் எழுதுகிற வேலையில் சேர்ந்திருந்தேன். படித்தவன் என்பதால் வளவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் எப்போதும் இருந்தது. யாரும் கேட்காமலே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கோடையில் இரண்டு தெரு தள்ளி ஒரு வேஸ்ட் கோடவுன் பட்டப்பகலில் எரிந்தது. ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். பின்பக்கம் கட்டியிருந்த எருமை மட்டும் செத்துப்போனது. அவிழ்க்க மனமில்லாதவர்கள் அங்கே யாரும் இல்லை. வேறு யாராவது அவிழ்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எல்லாம் முடிந்த பிறகு தீயணைப்பு வண்டி வந்தது. ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆள் என்னிடம், "வண்டி வர்றதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்றீங்களோ அதுதாங்க கணக்கு. மணலு, தண்ணி, ஓலையை இழுத்துப்போட ஒரு கொக்கி. யாரு யாரைக் கூட்டிட்டு ஓடறதுன்னு மொதல்லயே பேசி வெச்சுக்கோங்க" என்றார்.

மறுநாளே ஒரு நோட்டு வாங்கி வளவில் வீடு வீடாகப் போனேன். முதலில் போனது கடைசி வீட்டுக்கு அடுத்திருந்த டெய்லர் வீடு. டெய்லரின் மனைவி அப்போதுதான் தன் முறைக்கு வாசலைக் கூட்டித் தெளித்து முறைவாசல் முடித்துவிட்டு விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"ஏனுங்க தம்பி, வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெளக்கு வெக்கற நேரத்துல வந்து ஊடு பத்திக்கும்ங்கறீங்க. இது நல்லா இருக்குதுங்களா?"

"பத்திக்கும்னு சொல்லலீங்க. பத்திக்கிச்சுன்னா…"

"பாருங்க, அதையே மறுக்கா சொல்றீங்க! மொதல்ல போயிட்டு நாளைக்கு வாங்க."

நான் படியிறங்கியதும் பின்னால் ஒரு சொம்புத் தண்ணீரை வாசலில் வீசும் சத்தம் கேட்டது. என் வாய்ச்சொல்லைக் கழுவிவிட்டார்.

அவர் கணவர், டெய்லர், அப்படிக் கோபித்துக்கொள்கிறவர் அல்ல. கேலி செய்கிறவர். "படிக்காதவன் ஊடு பத்துனா ஓடிருவானுங்க. படிச்சவரு நின்னு நோட்டுல எழுதீட்டிருப்பாரு" என்று வாசலில் எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அக்கா மட்டும்தான் என்னை உட்காரச் சொன்னார். கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு நோட்டில் எழுதியிருந்ததை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எந்த வீட்டில் யார் தண்ணீர் எடுப்பது, யார் வழியிலுள்ள மூட்டைகளை நகர்த்துவது, யார் குழந்தைகளைத் தெருவுக்குக் கூட்டிப்போவது. படித்து முடித்ததும் கத்தரியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் நெம்ப நல்லா எழுதியிருக்கறீங்க. அவிங்கவிங்க கொழந்தையத் தூக்கீட்டு ஓடுவாங்க. சேலைய எடுப்பாங்க, பாத்திரம் ஏனத்தை எடுப்பாங்க. என்னைய எங்க எழுதியிருக்கறீங்க கண்ணு?"

நான் நோட்டைப் புரட்டினேன். எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"அந்த எருமையாட்டந்தான் நானும். கட்டுத்தறிதான் இல்லை" என்று சொல்லிவிட்டு, வெட்டிய பனியனை உதறிப் போட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றைக்கே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்: கடைசி வீடு, நானும் நண்பனும். அவன் வேலைக்குப் போயிருந்தால் நான்.

எழுதிவிட்டேனே தவிர, எப்படித் தூக்குவது என்பது ஒரு பெரிய கேள்வியாக நின்றது. வயசுப் பையன் ஒருவன் கல்யாணமாகாத பெண்ணைக் கைகளில் தூக்குவதா? தம்பி தூக்கலாம். நான்? வளவில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும். அதனால் தொடாமல் தூக்குவதற்கு ஒரு வழி தேடினோம்.

முதலில் நான் கொண்டுவந்தது, எங்கள் கம்பெனியில் ஓட்டை விழுந்து ஒதுக்கிய பனியன் துணி. மிஷினிலிருந்து உறை மாதிரி வட்டமாக வருகிற துணி. இரண்டு பக்கமும் மூங்கிலைச் செருகினால் தூளி தயார். ஞாயிற்றுக்கிழமை காலை, வளவே கூடி நின்று பார்க்க, அக்காவை அதில் உட்கார வைத்து நானும் நண்பனும் தூக்கினோம். துணி இழுபட்டது. இன்னும் இழுபட்டது. நாங்கள் மூங்கிலைத் தோள் உயரத்துக்குத் தூக்கியும் அக்கா தரையிலேயே இருந்தார்.

"ஏனுங்க, நான் இன்னும் கீழதான் இருக்கறன். நீங்க ரெண்டு பேரும் எங்க போறீங்க?"

டெய்லர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பனியன் துணி போட்டுக்கறதுக்குங்க. ஆளைத் தூக்கறதுக்கா நெய்யறோம்?" என்றார். ஆனால் அந்தச் சிரிப்புதான் வளவை என் பக்கம் திருப்பியது. அன்று சாயங்காலமே டெய்லர் இரண்டு கோணிகளைப் பிரித்துச் சேர்த்து, ஓரத்தை மூன்று தையல் போட்டு, மூங்கில் நுழைகிற மாதிரி மடித்துக் கொடுத்தார். அதில் தூக்கினோம். நின்றது. வாசலை இரண்டு முறை சுற்றி வந்தோம். அக்கா சிரிக்கவில்லை. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு முகப்பையும் பார்த்துக்கொண்டே வந்தார். டெய்லர் வீட்டு வாசலில், "உங்கூட்டுக் கூரையை இந்தப் பக்கமிருந்து நான் பாத்ததேயில்லீங்க" என்றார் டெய்லரின் மனைவியிடம்.

அதற்குப் பிறகு எல்லாமே சுலபமாக நடந்தது. வீட்டுக்கு ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் மணல். இரும்புப் பட்டறையில் அடித்த ஒரு கொக்கி, நீளமான மூங்கிலில். ஒரு ஏணி. எல்லாம் வாசல் சுவரோரம் வரிசையாக நின்றன. தூளி அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. வழியோரத்து ஷெட்டின் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவரும் நல்ல மனிதர். வழியில் மூட்டை அடுக்குவதை நிறுத்தச் சொன்னார். வெள்ளிக்கிழமை தண்ணீர் வீசிய டெய்லரின் மனைவிகூட, "தம்பி, என்ற தகரத்துல பூனை அசிங்கம் பண்ணிருச்சு, வேற மணலு வேணும்" என்று கேட்டு வாங்கிப் போனார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

புரட்டாசி முடிகிற சமயம் ஆயுத பூஜை வந்தது. இந்த ஊரில் ஆயுத பூஜையைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மிஷின்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, கத்தரி முதல் ஸ்பானர் வரை எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் பரப்பிவிடுவார்கள். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் காலையில் மறுபடி தீபம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். ஆயுதத்துக்கும் ஒருநாள் ஓய்வு.

முதலாளி அன்று மத்தியானம் வளவுக்கு ஆள் அனுப்பியிருந்தார். "உங்க கொக்கி, ஏணி, தகரமெல்லாம் ஆயுதந்தானுங்களே, நம்ம பூஜையிலயே வெச்சரலாம்" என்று. வளவு முழுக்கச் சந்தோஷம். எட்டுத் தகரங்களையும் கழுவித் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்கள். கொக்கிக்கு யாரோ செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் என் நோட்டையும் கொண்டுவந்து புத்தகங்களோடு வைத்தேன். பிறகு தூளி நினைவுக்கு வந்தது.

கடைசி வீட்டுக்குப் போனேன். நண்பன் அவனுடைய கம்பெனிப் பூஜைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நான் கதவுக்குப் பின்னாலிருந்து தூளியை எடுப்பதைப் பார்த்து அக்கா கேட்டார்:

"அதை எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க? நான் இங்கதான இருக்கறன்?"

"காலையில கொண்டாந்தர்றனுங்க அக்கா. எல்லாம் வெக்கறப்ப இதை மட்டும் உட்டுட்டா நல்லா இருக்காதுங்க."

"சரி, வெச்சுட்டு வாங்க. எனக்குத்தான் பூசை இல்லை, என்ற கோணிக்காச்சும் நடக்கட்டும்."

நண்பன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நீ இருக்கறயல்லடா, நான் போயிட்டு மெதுவா வர்றேன்" என்றான்.

பூஜை நன்றாக நடந்தது. பொரி, கடலை, சுண்டல். ஐந்து மணிக்கு முதலாளி ஷெட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு அவிநாசியில் மாமனார் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார்.

டெய்லரும் தன் வீட்டுத் தையல் மிஷினுக்கு ஒரு தனிப் பூஜை போட்டிருந்தார். பூஜைக்காக வீட்டைச் சுத்தம் செய்தபோது, கிடந்த வெட்டுத்துணிகளை எல்லாம் ஒரு சாக்கில் திணித்து மிஷினுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறார்கள். மிஷினுக்கு மேலே கலர்க் காகிதத் தோரணம். முன்னால் குத்துவிளக்கு. காற்றடித்ததோ என்னவோ. இன்னும் வெளிச்சம் போகவில்லை. நான் வாசலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன். டெய்லரின் மனைவி, "ஐயோ!" என்று ஒரே சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் கதவு முழுக்கப் புகை.

அடுத்து நடந்ததை இப்போதும் வரிசையாகச் சொல்ல முடிகிறது. எல்லோரும் எழுந்து சுவரோரத்துக்கு ஓடினோம். சுவரோரத்தில் எட்டு வட்டங்கள் மட்டும் இருந்தன, தகரங்கள் நின்ற தடம். பிறகு எல்லோரும் ஷெட்டுக்கு ஓடினோம். பூட்டு. "ஒடைங்க" என்றது ஒரு குரல். "பூசை வெச்ச கதவுங்க" என்றது இன்னொன்று. எத்தனை நேரம் என்று தெரியாது. கொஞ்ச நேரந்தான். யாரும் கல்லை எடுக்கவில்லை. பிறகு நான் எடுத்தேன். பூட்டை அடித்தேன், அடித்தேன். எனக்குத் தகரமும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். தூளி இல்லாமல் அக்காவை எப்படித் தூக்குவது என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

அக்கா எனக்கு முப்பதடி பின்னால் இருந்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூட்டை உடைத்துக்கொண்டிருந்தேன்.

பூட்டு கழன்று உள்ளே போய்த் தூளியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, டெய்லர் வீட்டுக் கூரையிலிருந்து நெருப்பு கடைசி வீட்டுக் கூரைக்குத் தாவியிருந்தது. வாசலில் எரியும் ஓலைத் துண்டுகள் விழுந்து கிடந்தன. அவற்றின் மேலாக அக்கா கைகளை ஊன்றி ஊன்றித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார். டெய்லரின் மனைவி, தன் வீடு எரிவதைத் திரும்பியும் பார்க்காமல், குனிந்து அவர் அக்குள்களில் கைகொடுத்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். தூளியோடு நின்ற என்னைத் தாண்டித்தான் போனார்கள். "தள்ளுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

தகரங்கள் வந்த பிறகு மற்ற ஆறு வீடுகளைக் காப்பாற்ற முடிந்தது. கொக்கி நன்றாகத்தான் வேலை செய்தது. செவ்வந்தி மாலையோடு.

அக்கா அரசு ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது உள்ளங்கையும் மூன்று விரல்களும் வெந்து, ஆறும்போது உள்பக்கம் வளைந்துகொண்டன. கத்தரி பிடிக்கிற கை அது. நண்பன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்காருவான், பீடி பற்றவைப்பான், அணைப்பான். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் போய் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால், "கம்பெனிக்கு நேரமாச்சுங்களே, போங்க" என்பார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், தண்ணீர் கேட்பார்.

வீடுகளை மறுபடி வேய்ந்தார்கள். அக்கா இடது கையில் கத்தரி பிடிக்கப் பழகினார். பாதிப் பிசிறு விட்டுப்போகும். டெய்லரின் மனைவி சாயங்காலம் வந்து உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் அதை இன்னொரு முறை பார்த்துக் கொடுப்பார். இரண்டு பேரும் வளவில் எல்லோரையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைப் பற்றியும் பேசியிருக்கலாம்.

நான் மறுபடி வீடு வீடாகப் போனேன். இந்த முறை யாரும் தண்ணீர் வீசவில்லை. சொல்லப்போனால், அவர்களே பேசினார்கள், நான் கேட்டேன். தகரங்களை இனி எந்தக் காரணத்துக்காகவும் சுவரோரத்திலிருந்து எடுப்பதில்லை என்று டெய்லர்தான் முதலில் சொன்னார். அவர் கேலி செய்வது நின்றுபோயிருந்தது. அது எனக்கு நெருப்பைவிடக் கஷ்டமாக இருந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு முதலாளி தானே தாம்பாளத்தோடு வளவுக்கு வந்தார். சுவரோரத்தில் நின்றபடியே தகரங்களுக்குப் பொட்டு வைத்தார். கற்பூரத்தை ஏற்றப் போனபோது, கடைசி வீட்டிலிருந்து குரல் வந்தது: "சந்தனம் வெச்சாப் போதுமுங்க. கற்பூரமெல்லாம் ஷெட்டோட இருக்கட்டும்." அவர் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யார் யார் என்ன செய்வது என்று மறுபடி ஒருமுறை பழகிப் பார்க்கலாம் என்று கூடினோம். எல்லோரும் அவரவர் தகரத்தைத் தொட்டுவிட்டு வந்தார்கள். குழந்தைகள் தெருவுக்கு ஓடினார்கள். நண்பன் வேலைக்குப் போயிருந்தான். நான் கடைசி வீட்டுக்குப் போனேன். தூளி கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. மூங்கிலின் மறுமுனையைப் பிடிப்பதற்காக டெய்லரின் மனைவி என் பின்னால் வந்து நின்றார்.

நான் தூளியை எடுக்கவில்லை. குனிந்து, ஒரு கையை அக்காவின் முதுகுக்குப் பின்னாலும் மறுகையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கினேன். வாசலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெய்லரின் மனைவி முன்னால் போய்ப் படியில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டார். அக்கா வளைந்த கையை என் தோளில் வைத்துக்கொண்டார். எட்டு வீடுகளையும் ஷெட்டையும் கடந்து தெருவுக்கு வந்தோம்.

"கனமா இருக்கறனுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க அக்கா."

"அன்னைக்கும் இதே கனந்தானுங்க கண்ணு" என்றார்.